‘வளராதே’ என்ற செய்தி எட்டாத செல்கள்

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவர்கள் 2016இல் நான்கு மெலனோமா நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய். உடலில் பரவிவிட்டால் அதைக் கட்டுப்படுத்துவது பெரும்பாடு. இந்த நால்வருக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து தரப்பட்டது, கட்டிகள் நன்றாகவே சுருங்கின. மாதக்கணக்கில் எல்லாம் சரியாகப் போனது. அப்புறம், மருந்து தொடர்ந்துகொண்டிருக்கும்போதே கட்டி மீண்டும் தலைதூக்கியது.

ஆன்டனி ரிபாஸ் தலைமையிலான அந்தக் குழு, சிகிச்சைக்கு முன் எடுத்து வைத்திருந்த திசுவையும் புதிதாக வளர்ந்த கட்டியின் திசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரபணுக்களை ஒப்பிட்டது. ஒருவரிடம் ஜாக்1 என்ற மரபணு உடைந்திருந்தது. இன்னொருவரிடம் ஜாக்2. மூன்றாமவரிடம் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்துக்கான மரபணு. நான்காமவரிடம் காரணம் என்று சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை.

மூன்றாமவரிடம் நடந்தது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை மேற்பரப்பில் நிறுத்தி, டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்ட அந்தப் புரதம் தேவை. அது இல்லையென்றால் டி செல்லுக்கு எதிரி யாரென்றே தெரியாது. முதல் இருவரின் கதைதான் புதிது. டி செல்கள் இன்டர்ஃபெரான்-காமா என்ற செய்திப் புரதத்தைச் சுரக்கின்றன. அது வந்து தொட்டால் மெலனோமா செல் பிரிவதை நிறுத்த வேண்டும், அல்லது வெகுவாகக் குறைக்க வேண்டும். சிகிச்சைக்கு முந்தைய செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்து இன்டர்ஃபெரான்-காமாவை ஊற்றியபோது அப்படித்தான் நடந்தது. திரும்பி வந்த கட்டியின் செல்கள் அதே புரதத்தில் ஊறிக் கிடந்தும் தம் பாட்டுக்குப் பெருகிக்கொண்டே இருந்தன.

நோயெதிர்ப்புச் செல் என்றதும் எதிரியை நேரில் பிடித்துக் கொல்லும் படம்தான் மனதில் வரும். டி செல் அதையும் செய்கிறது, மறுப்பில்லை. ஆனால் ஒரு டி செல் ஒரு நேரத்தில் எத்தனை செல்லைத் தொட முடியும்? அது சுரக்கும் சைட்டோகைன்கள் என்ற செய்திப் புரதங்களோ சுற்று வட்டாரத்தில் இருக்கும் பல செல்களை ஒரே சமயத்தில் சென்றடைகின்றன. இன்டர்ஃபெரான்-காமா, டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6, டிஜிஎஃப்-பீட்டா எல்லாமே இந்த வகை. இவற்றில் பலவற்றுக்கு, சரியான செல்லில் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தால், வளர்ச்சியை நிறுத்தும் வல்லமை உண்டு. புற்றுநோய் பெரிதாவதற்கு இந்தச் செய்திகளை ஏதோ ஒரு வகையில் செல்லாக்காசாக்கியே தீர வேண்டும்.

எப்படி என்று பார்க்க, செய்தி செல்லுக்குள் போகும் வழியைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். இன்டர்ஃபெரான்-காமா வந்து ஒட்டும் ஏற்பி இரண்டு வகைப் புரதங்களால் ஆனது. ஒன்றின் உட்புற வாலில் ஜாக்1 நொதியும் இன்னொன்றின் வாலில் ஜாக்2 நொதியும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே இன்டர்ஃபெரான் ஒட்டியதும் உள்ளே இந்த இரண்டும் நெருங்கி, ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட்டைப் பொருத்தி விழித்துக்கொள்கின்றன. பிறகு ஏற்பியின் வாலிலும் பாஸ்பேட் ஏறுகிறது. அந்த இடத்தில் வந்து உட்காரும் ஸ்டாட்1 என்ற புரதமும் அதே முத்திரையைப் பெற்று, இரண்டு இரண்டாகச் சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை இயக்குகிறது. இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அப்படி இயங்கும் மரபணுக்களில் ஒன்று தரும் புரதம் பி21. செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏவை இரட்டிப்பாக்க வேண்டுமே, அதற்கு உத்தரவு தரும் நொதிகளை பி21 பிடித்து வைத்துக்கொள்ளும். செல் அங்கேயே நிற்கும். ஸ்டாட்1 வழியாகத்தான் பி21 கூடுகிறது, வளர்ச்சி நிற்கிறது என்பது 1996இல் தெளிவானது.

இதே ஸ்டாட்1 வேறு வேலைகளையும் பார்க்கிறது. புரதத் துண்டுகளை மேற்பரப்பில் காட்டும் அமைப்பைப் பெருக்குகிறது, மேலும் டி செல்களை அழைக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்க வைக்கிறது. கூடவே பிடி-எல்1 என்ற புரதத்தையும் மேற்பரப்பில் ஏற்றுகிறது. பிடி-எல்1, டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற ஏற்பியில் ஒட்டி அதை அடக்கும் புரதம். பெம்ப்ரோலிசுமாப் பிடி-1ஐத் தடுத்து டி செல்லை விடுவிக்கும் மருந்து. அதாவது ‘வளராதே’ என்ற அதே செய்தி, ‘உன்னைத் தாக்க வருபவனை அடக்கு’ என்ற ஏற்பாட்டையும் கையோடு கொண்டுவருகிறது. இந்த முரண்பாட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தது 1957இல், லண்டனில், அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டன்மானும். அவர்கள் தேடியது வைரஸுக்கு எதிரான பொருளை. புற்றுநோய்க்கும் உதவும் என்ற நம்பிக்கை பின்னால் வளர்ந்து 1980 வாக்கில் உச்சத்துக்குப் போனது. பத்திரிகை அட்டையிலெல்லாம் இன்டர்ஃபெரான் வந்தது. 1986இல் ஹேரி செல் லுக்கேமியா என்ற அரிய ரத்தப் புற்றுநோய்க்கு இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவை அமெரிக்கா அனுமதித்தது. அங்கே அது நன்றாக வேலை செய்தது. மற்ற பல புற்றுநோய்களில் ஏமாற்றம்தான். அளவைக் கூட்டினால் காய்ச்சல், அசதி, மனச்சோர்வு எல்லாம் கூடின. பலன் அதற்கேற்பக் கூடவில்லை.

அந்தக் காலத்திலேயே ஒருவர் கவனிக்க வேண்டிய ஒன்றைச் செய்து காட்டியிருந்தார். பிரான்ஸில் வேலை பார்த்த அயன் கிரெஸ்ஸர், எல்1210 என்ற எலி லுக்கேமியா செல்களை எடுத்துக்கொண்டார். இன்டர்ஃபெரானுக்கு மசியாத ஒரு கிளையை அவற்றிலிருந்து பிரித்தெடுத்து எலிகளுக்குள் செலுத்தினார். ஆய்வகத் தட்டில் இன்டர்ஃபெரானைச் சட்டை செய்யாத அந்த செல்கள், எலியின் உடலுக்குள் இன்டர்ஃபெரான் தந்தபோது கட்டுப்பட்டன. எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. இது 1972இல் வெளியான ஆய்வு. இன்டர்ஃபெரான் புற்றுச் செல்லின் மேல் மட்டும் வேலை செய்யவில்லை, எலியின் சொந்தச் செல்களையும் தூண்டுகிறது என்பது அதிலிருந்து புரிந்தது. இன்று நாம் பெரிதாகப் பேசும் பல விஷயங்கள் அந்த ஒரு எலிச் சோதனைக்குள் அப்போதே இருந்தன என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறு. லண்டனில் ஜார்ஜ் ஸ்டார்க், இயன் கெர், சாண்ட்ரா பெல்லெக்ரினி ஆகியோர் 1989இல் வெளியிட்டது. இன்டர்ஃபெரானின் செய்தி செல்லுக்குள் எப்படிப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அவர்கள் தலைகீழான வழியைப் பிடித்தார்கள். மனிதப் புற்றுநோய் ஒன்றிலிருந்து வந்த எச்டி1080 என்ற செல்களுக்குள் ஒரு பாக்டீரியா மரபணுவை நுழைத்தார்கள். இன்டர்ஃபெரானின் செய்தி உட்கருவுக்கு வந்து சேர்ந்தால் மட்டுமே அந்த மரபணு இயங்கும். இயங்கினால், 6-தயோகுவனின் என்ற பொருளை அது விஷமாக்கும். பிறகு செல்களின் டிஎன்ஏவில் ஆங்காங்கே பிழை உண்டாகும்படி செய்து, இன்டர்ஃபெரானையும் 6-தயோகுவனினையும் சேர்த்து ஊற்றினார்கள். செய்தி கேட்ட செல்லெல்லாம் செத்தது. எஞ்சியவை செய்தி கேட்கும் வழியில் ஏதோ ஓர் உறுப்பு உடைந்தவை.

அந்த உடைந்த செல்களை ஒவ்வொன்றாக எடுத்து எது உடைந்திருக்கிறது என்று பல ஆண்டுகள் தேடினார்கள். ஒன்றில் ஜாக் குடும்பத்து நொதியான டைக்2, ஒன்றில் ஜாக்1, ஒன்றில் ஸ்டாட்1, தனியாகப் பிரித்த இன்னொரு செல் வகையில் ஜாக்2. 1993 வாக்கில் ஒரு விஷயம் உறுதியானது. ஜாக்1 போனால் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று எந்த இன்டர்ஃபெரானும் எடுபடாது. ஜாக்2 போனால் காமா மட்டும் எடுபடாது. இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சலிஸ் குழு ஆய்வகத்தில் சோதித்தபோதும் இதே வேறுபாடுதான் கிடைத்தது. லண்டனில் விஷம் வைத்துப் பிரித்தெடுத்த அதே செல் வகையை, இங்கே நோயாளியின் டி செல்களும் ஒரு நவீன மருந்தும் சேர்ந்து பிரித்தெடுத்திருந்தன.

புற்றுநோய் ‘கற்றுக்கொள்கிறது’, ‘தந்திரம் செய்கிறது’ என்றெல்லாம் நாம் எழுதுகிறோம். எழுதச் சௌகரியம்தான், நடப்பது அது இல்லை. ஒரு கட்டியில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன, ஒவ்வொரு பிரிவிலும் ஏதாவது எழுத்துப் பிழை விழுகிறது. ஜாக் மரபணுவில் தற்செயலாகப் பிழை விழுந்த ஒரு செல்லுக்கு, டி செல்கள் ஓய்ந்திருக்கும்வரை அதனால் பெரிய லாபம் கிடையாது. மருந்து டி செல்களை அவிழ்த்துவிட்டு இன்டர்ஃபெரான்-காமா கட்டிக்குள் பெருகும்போதுதான் அந்தப் பிழைக்கு விலை ஏறுகிறது. பக்கத்துச் செல்களெல்லாம் நிற்கின்றன அல்லது சாகின்றன, இது மட்டும் பிரிந்துகொண்டே போகிறது. இதற்கு ஒரு பிழையும் போதாது. ஒவ்வொரு செல்லிலும் ஜாக்2வுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது சமாளிக்கும். அந்த நோயாளிகளின் செல்களில் ஒரு பிரதி உடைந்ததோடு நல்ல பிரதியும் தொலைந்திருந்தது. ஓராண்டுக்கு மேல் கழித்துக் கட்டி திரும்பியது ஏன் என்பதற்கு இது ஒரு விடை.

சில கட்டிகள் இந்தப் பயணத்தைப் பாதி வழியிலிருந்தே தொடங்குகின்றன. 9ஆம் குரோமோசோமின் குட்டைக் கையைப் பாருங்கள். அதன் நுனிப் பக்கம் ஜாக்2வும், அதை ஒட்டியே பிடி-எல்1க்கான மரபணுவும் இருக்கின்றன. சுமார் 1.6 கோடி எழுத்துகள் தள்ளி ஆல்ஃபா, பீட்டா இன்டர்ஃபெரான்களின் மரபணுக் கூட்டமும், அதற்குப் பக்கத்தில் சிடிகேஎன்2ஏ என்ற மரபணுவும். இந்தக் கடைசி மரபணு தரும் பி16 புரதம் செல் பிரிதலுக்கு ஒரு முக்கியமான தடை. அதனால் மெலனோமாவில் சிடிகேஎன்2ஏ அடிக்கடி வெட்டுப்படும். வெட்டு சற்று அகலமாக விழுந்தால் பக்கத்து இன்டர்ஃபெரான் மரபணுக்களும் போகும். மொத்தக் கையும் போனால் ஜாக்2வின் ஒரு பிரதியும் கூடவே போகும். டி செல்லை முகத்தோடு முகம் பார்க்கும் முன்னரே அந்தச் செல்லிடம் ஒரே ஒரு ஜாக்2தான் மிச்சம் இருக்கும். ஜெர்மனியின் எஸ்ஸென் நகர ஆய்வாளர்கள் மெலனோமாவில் இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

பி16 இதில் இன்னொரு விதத்திலும் வந்து நிற்கிறது. ஜெர்மனியிலேயே, ட்யூபிங்கனில், 2013இல் வெளியான ஆய்வு: இன்டர்ஃபெரான்-காமாவும் டிஎன்எஃப்பும் சேர்ந்து வந்தால் புற்றுச் செல்கள் சாகாமலேயே நிரந்தரமாகப் பிரிவதை நிறுத்தி மூப்பு நிலைக்குப் போகின்றன. அதற்கு ஸ்டாட்1, டிஎன்எஃப் ஏற்பி, பி16 மூன்றும் வேண்டும். ஆக, ஒரே வெட்டில் நிறுத்தும் செய்தியின் வரவும் பாதிக்கப்படலாம், வந்த செய்தியை நிறைவேற்றும் பிரேக்கும் போகலாம்.

மெலனோமாவில் மட்டும் இது நடப்பதில்லை. டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் அமைப்பே பழுதான ஒரு வகைப் பெருங்குடல் புற்றுநோய் உண்டு. அப்படிப்பட்ட செல்களில் ஒரே எழுத்து வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் படி தவறும். டிஜிஎஃப்-பீட்டாவின் ஏற்பிக்கான ஒரு மரபணுவில் 10 ‘ஏ’ எழுத்துகள் தொடர்ந்து வரும் இடம் இருக்கிறது. அங்கே ஓர் எழுத்து விட்டுப்போனால் போதும், மீதி வாசகம் முழுக்கக் குளறி ஏற்பியே உருவாகாது. இந்த வகைக் கட்டிகளில் அந்த இடம் அடிக்கடி உடைந்திருப்பதை 1995இல் கண்டறிந்தார்கள். குடலின் மேற்புறச் செல்களுக்கு டிஜிஎஃப்-பீட்டா ஒரு வலுவான ‘நில்’ உத்தரவு. அது கேட்காமல் போவது அந்தச் செல்லுக்கு லாபம். ஜாக்1 மரபணுவிலும் இப்படிப்பட்ட எழுத்துத் தொடர்கள் இருப்பதால் இதே வகைப் புற்றுநோய்களில் அதுவும் உடைந்து கிடப்பதுண்டு. கணையப் புற்றுநோயில் டிஜிஎஃப்-பீட்டாவின் செய்தியை உள்ளே எடுத்துச் செல்லும் ஸ்மாட்4 புரதம் ஏறக்குறைய பாதிப் பேரிடம் காணாமல் போயிருக்கும். அந்த மரபணு 1996இல் அடையாளம் காணப்பட்டதே கணையக் கட்டிகளில் அது தொலைந்திருந்ததை வைத்துத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் செய்தி கேட்கும் வழியை உடைத்துக்கொள்ளும் செல்கள். ஆனால் செய்தியை முழுக்கக் கேட்டுக்கொண்டே, அதைத் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளும் செல்களும் இருக்கின்றன. இவற்றைத்தான் நான் அதிகம் அஞ்சத்தக்கவை என்பேன். வழியை உடைத்துக்கொண்ட செல் ஒரு தொல்லையிலிருந்து தப்பிக்கிறது, அவ்வளவே. திருப்பிக்கொண்ட செல்லுக்கோ நம் உடல் அனுப்பும் எதிர்ப்பே தீனி.

கனடாவில் ராபர்ட் கெர்பெல் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் இன்டர்லூக்கின்-6ஐ வைத்து இதைக் காட்டினார்கள். மெலனோமா முதலில் தோலின் மேலடுக்கில் பக்கவாட்டில் பரவும், பிறகுதான் ஆழத்தில் இறங்கும். பக்கவாட்டில் பரவும் ஆரம்பக் கட்டச் செல்களின் வளர்ச்சியை இன்டர்லூக்கின்-6 அடக்கியது. ஆழத்தில் இறங்கிய, பிற உறுப்புகளுக்குப் பரவிய செல்கள் அதற்கு மசியவில்லை. அதோடு நிற்கவில்லை. முற்றிய செல்களில் சில தாங்களே இன்டர்லூக்கின்-6ஐச் சுரந்து, அதையே வைத்து வளர்ந்தன. ஏற்பி அப்படியே இருக்கிறது, செய்தியும் அப்படியே இருக்கிறது, அர்த்தம் மட்டும் மாறிவிட்டது.

டிஜிஎஃப்-பீட்டாவும் இந்த ஆட்டம் ஆடும். ஏற்பியையோ ஸ்மாட்4ஐயோ இழக்காத கட்டிகளில், ‘நில்’ என்ற உத்தரவை நிறைவேற்றும் கீழ்மட்டப் புரதங்கள் மட்டும் கழன்றிருக்கும். அப்போது அதே டிஜிஎஃப்-பீட்டா, செல்கள் இடத்தை விட்டு நகரவும் சுற்றியிருக்கும் டி செல்களை அடக்கவும் உதவுகிறது. தொடக்கத்தில் காவல், பிற்பாடு கூட்டாளி.

இன்டர்ஃபெரான் விஷயத்தில் இதைத் தெளிவாக்கியது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆண்டி மின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு. இன்டர்ஃபெரான் கொஞ்ச நாள் வந்துபோனால் கட்டிக்கு ஆபத்து. நாள்கணக்கில், வாரக்கணக்கில் விடாமல் வந்துகொண்டே இருந்தால், செல்லின் டிஎன்ஏ சுற்றி வைக்கப்பட்டிருக்கும் விதமே மாறுகிறது. ஸ்டாட்1 உட்காரும் சில இடங்கள் நிரந்தரமாகத் திறந்துகொள்கின்றன. பிடி-எல்1 மட்டுமில்லை, டி செல்களை அடக்கும் வேறு பல புரதங்களும் மேலே வருகின்றன. இங்கே எந்த மரபணுவும் உடையவில்லை. முன்பு ஞாபகம் வைக்கச் சொன்ன முரண்பாடு இதுதான்: நிறுத்தும் பக்கம் தேய்ந்து, அடக்கும் பக்கம் ஓங்கிவிடுகிறது.

அதனால் ‘புற்றுநோய் இன்டர்ஃபெரானுக்கு மசியவில்லை’ என்று ஒரு வரியில் சொன்னால், நேரெதிரான இரண்டு நிலைகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். 9ஆம் குரோமோசோமின் அந்த நுனிப் பகுதியே இதற்குச் சாட்சி. மெலனோமாவில் ஜாக்2 அங்கிருந்து தொலைகிறது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலோ அதே பகுதி பல பிரதிகளாகப் பெருகியிருக்கும், ஜாக்2வும் பிடி-எல்1உம் ஒருசேரக் கூடியிருக்கும். அதனால்தான் பிடி-1ஐத் தடுக்கும் மருந்துக்கு அந்தப் புற்றுநோய் அவ்வளவு நன்றாகக் கட்டுப்படுகிறது.

சரி, ஜாக் உடைந்த ஒரு சில செல்கள் இருந்தால் நோயெதிர்ப்பு சிகிச்சையே வீணா? அப்படியும் சொல்ல முடியாது. இன்டர்ஃபெரான்-காமா சுரந்த இடத்திலிருந்து பல செல்கள் தள்ளியும் பரவுகிறது என்பது 2020இல் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. கட்டியில் பெரும்பாலான செல்கள் செய்தி கேட்பவையாக இருந்தால் அவை மேலும் டி செல்களை அழைத்து வரும், கேளாத சிலவும் அந்தத் தாக்குதலில் சிக்கும். கூட்டத்தில் கேளாதவை பெரும்பான்மையானால்தான் சிக்கல் முற்றுகிறது. எலிகளில் பல வகைக் கட்டிகளை எடுத்து மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்த 2022 ஆய்வு இன்னும் குழப்பியது. இன்டர்ஃபெரான் வழியை இழந்த செல்கள் பல கட்டிகளில் நோயெதிர்ப்புக்கு இன்னும் எளிதாக இரையாயின. புரதத் துண்டுகளைக் காட்டும் அமைப்பு குறையும்போது டி செல்லுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் அந்த அமைப்பு இல்லாத செல்களைத் தேடிக் கொல்லும் இயற்கைக் கொல்லிச் செல்கள் உடலில் இருக்கின்றனவே! எந்தப் பக்கம் தராசு சாயும் என்பது கட்டிக்குக் கட்டி மாறுகிறது.

சிகிச்சையில் இதை எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு 2024இல் ஒரு விசித்திரமான பதில் வந்தது. ஜாக் நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் மூட்டுவாதம் போன்ற நோய்களுக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவை. அவை நோயெதிர்ப்பை அடக்குபவை. நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சையோடு அவற்றைச் சேர்ப்பது பார்வைக்குக் கிறுக்குத்தனம். ஆனால் ஆண்டி மின் குழுவினர் நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு முதலில் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுத்து, சில வாரங்கள் கழித்து இட்டாசிட்டினிப் என்ற ஜாக்1 தடுப்பு மருந்தைக் குறுகிய காலத்துக்குச் சேர்த்து, பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். வேறொரு குழு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவில், முந்தைய நோயெதிர்ப்பு சிகிச்சை கைவிட்டவர்களுக்கு, ருக்ஸோலிட்டினிப் என்ற ஜாக் தடுப்பு மருந்தையும் பிடி-1ஐத் தடுக்கும் நிவோலுமாப்பையும் சேர்த்துக் கொடுத்தது. இரண்டு சோதனைகளிலும் நல்ல பலன் தெரிந்தது, இரண்டும் சிறிய சோதனைகளே என்றாலும். நாள்பட்ட இன்டர்ஃபெரான் செய்தி ஓய்ந்ததும் களைத்துப்போன டி செல்கள் தெம்பு பெறுகின்றன என்பது விளக்கம்.

ஜாக்1ஐ மரபணுவிலேயே தொலைத்துவிட்ட கட்டிக்கு இந்த உத்தி புற்றுச் செல்லின் பக்கம் எதையும் செய்யப்போவதில்லை. அங்கே தடுப்பதற்கு ஜாக்1 ஏது? அப்படிப்பட்டவர்களுக்கு இயற்கைக் கொல்லிச் செல்களைத் தூண்டும் மருந்துகளை ரிபாஸின் குழு எலிகளில் சோதித்துப் பார்த்திருக்கிறது. மருந்தை எப்போது தொடங்குவது, எத்தனை வாரம் தருவது என்பதைவிட முதலில் தெரிய வேண்டியது, முன்னால் இருக்கும் கட்டி செய்தி கேட்காததா, கேட்டுக் கேட்டு மாறிப்போனதா என்பது. அதற்கு ஒரு தடவை எடுத்த திசு போதாது. திரும்பி வளர்ந்த கட்டியிலிருந்தும் திசு எடுத்துப் பழையதோடு ஒப்பிட வேண்டும், 2016இல் அந்த நால்வருக்குச் செய்ததைப் போல.